பார்க்கிற செபம்

"ஒண்ணும் கேக்காதீங்க. பாருங்க, அது போதும். அவரும் உங்களைப் பார்த்துக்கிட்டுதான் இருக்காரு" என்று ஃபாதர் ஜெரால்ட் சொன்னதும், பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்காமல் இருப்பதற்கு எதற்காகக் கோயிலுக்கு வர வேண்டும்? மகனுக்கு வேலை கிடைக்க மாதா, தொலைந்த செயின் கிடைக்க அந்தோணியார், அம்மை இறங்க செபஸ்தியார் என்று இலாகா பிரித்து வைத்துக் கேட்டுப் பழகிய ஜனங்கள் அவர்கள். வாயை மூடிக்கொண்டு சும்மா பார் என்றால் என்ன செய்வார்கள்? கொசுவைத்தான் அடித்தார்கள்.

புதுவாயல் கூட்ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, மில் வேலைக்கு வந்தவர்கள் வீடு கட்டிக்கொண்ட காலனியில் இருக்கிறது அந்தச் சின்னக் கோயில். தகரக் கூரை. கொல்கத்தா ரோட்டில் லாரி போனால் பீடத்து மெழுகுவத்தி ஆடும். ஃபாதர் தெற்கத்திக்காரர், வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. எங்கேயோ தியானத்துக்குப் போனவர், திரும்பி வரும்போது மரப்பலகையில் வரைந்த ஒரு சிலுவைப்படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். தவக்காலம் முழுக்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைச் செங்கல் மேல் சாய்த்து வைத்து, ஒரு விளக்கை ஏற்றி, எல்லாரையும் சுற்றி உட்காரச் சொன்னார். பாட்டு இல்லை, செபமாலை இல்லை. பார்க்கிற செபமாம்.

படமும் யாருக்கும் பிடிக்கவில்லை. நம் சிலுவையில் தலை தொங்கும், கண் மூடியிருக்கும், ரத்தம் தாராளமாக ஓடும். இதில் ஆண்டவர் கண்ணைத் திறந்துகொண்டு நேராகப் பார்த்தார். கோயில் பெருக்குகிற அம்மா, "வரைஞ்சவனுக்குச் செவப்பு பெயின்ட்டு பத்தல போலக்கீது" என்று வெளியே வந்து சொன்னது. அடுத்த வாரம் கூட்டம் பாதியானது. அதற்கடுத்த வாரம் அதிலும் பாதி. ஃபாதருக்கு வருத்தம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

சத்யா மட்டும் ஒரு வாரமும் தவறவில்லை. பக்தி முற்றிப்போய் அல்ல. அவளுக்குப் பார்க்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது.

போன மழைக்காலத்தில் அவள் புருஷன் சாலமோன் செத்துப்போனான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு இரும்பு மில்லில் பழைய இரும்பை உருக்குகிற ஃபர்னஸில் அவனுக்கு வேலை. மழையில் நனைந்த ஸ்கிராப்பை அப்படியே உள்ளே தள்ளச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் உருகின இரும்புக்குள் போனால் என்ன ஆகும் என்று தள்ளச் சொன்னவனுக்கும் தெரியும், தள்ளினவனுக்கும் தெரியும். ஆனாலும் தினமும் தள்ளினார்கள். அன்றைக்கு வெடித்தது. சாலமோனும் பக்கத்தில் நின்ற வடநாட்டுப் பையன் ஒருவனும் அங்கேயே போய்விட்டார்கள்.

ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் சத்யா உள்ளே போகத்தான் கிளம்பினாள். சொந்தக்காரப் பொம்பளைகள் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். "வாணாம்டி. இப்ப பாத்தன்னா அந்த மூஞ்சிதான் ஆயுசுக்கும் கண்ல நிக்கும். ஒன் புருஷன் எப்டி இருந்தாரோ அப்டியே இருக்கட்டும்." அவளும் நின்றுவிட்டாள். சாலமோனின் தம்பி விஜயகுமார்தான் உள்ளே போனான். வெளியே வந்து கையை விரித்தான். உள்ளங்கையில் சாலமோன் எப்போதும் கழுத்தில் போட்டிருக்கிற மாதா டாலர், கரி ஏறிக் கிடந்தது. "அண்ணன்தான் அண்ணி" என்றான்.

பெட்டியை மூடியேதான் கொடுத்தார்கள். கல்லறையில் வைத்து, பெரியவர்கள் சண்டை போட்டு, பெட்டியைத் திறக்க வைத்து, கால் பக்கம் மட்டும் சுற்றின துணியைக் கிழிக்கச் செய்தார்கள். முகம் பார்க்காமல் அனுப்பினால் போகிற உயிர் போகாது என்பது அங்கே எல்லாருக்கும் உள்ள எண்ணம். முகம் இல்லாவிட்டால் பாதமாவது. வேலை செய்கிற பூட்ஸ் காப்பாற்றிக் கொடுத்தது இரண்டு பாதங்களை மட்டும்தான். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையின் பாதத்தை முத்தி செய்வதுபோல சத்யா குனிந்து முத்தம் கொடுத்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் கொடுத்தாள். பிறகு மண்ணைப் போட்டார்கள். கரி ஏறின டாலரைத் துலக்கிக் கறுப்புக் கயிற்றில் கோத்து அவளே போட்டுக்கொண்டாள்.

பிள்ளை இல்லை. அவள் பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக் குப்பத்துப் பெண். இறால் கம்பெனி வேலைக்கு வந்த இடத்தில் சாலமோனைப் பார்த்து, வீட்டைப் பகைத்துக்கொண்டு, ஞானஸ்நானம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். பெற்ற நைனா இன்று வரை பேசுவதில்லை. அவளுக்கென்று மிச்சம் இருந்தது அந்தக் கல்லறை ஒன்றுதான். ஞாயிறு பூசை முடிந்ததும் போய் உட்காருவாள். புல்லைப் பிடுங்குவாள். செண்டுமல்லி நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்தாள். என்ன செய்து என்ன, அவன் முகம் மட்டும் அவளுக்கு நினைவில் கூடி வரவில்லை. செல்லில் இருக்கிற போட்டோவைப் பார்த்தால் யாரோ மாதிரி இருந்தது. கடைசி முகம் பார்க்காததால்தான் இப்படி என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். அந்தோணியாரிடம்கூடக் கேட்டுப் பார்த்தாள். செயினைத் தேடிக் கொடுக்கிறவருக்குப் புருஷன் முகம் பெரிய காரியமா என்று.

அதனால்தான் அந்தப் படத்தின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் ஃபாதர் சொன்னபடி கேட்காமல் இருந்தாளா என்றால், இல்லை. "அவரு மூஞ்சிய ஒரு தபா காட்டு, ஒரே தபா" என்று உதடு அசையாமல் நச்சரித்தாள். படத்தில் திறந்திருந்த கண்கள் அவளையே பார்த்தன. அவளால் அந்தக் கண்ணைத் தாங்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்து பைப்படியில் முகம் கழுவினாள்.

ஃபாதர் பின்னால் வந்தார். "முகத்தைப் பார்க்க முடியலைன்னா விட்டுரு சத்யா. கண்ணு எங்க நிக்குதோ அங்கயே நிக்கட்டும். கட்டாயம் ஒண்ணும் இல்ல" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். அந்த வார்த்தை எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்கும் தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கண்ணைப் பாதத்தில் வைத்தாள்.

படத்தில் இரண்டு பாதமும் பக்கம் பக்கமாக இருந்தன. வரைந்தவர் அவசரக்காரர் இல்லை. ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக, நகத்தோடு வரைந்திருந்தார். விளக்கு வெளிச்சத்தில் பாதம் கொஞ்சம் அசைகிற மாதிரிகூட இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்ததில் நச்சரிப்பு தானாக அடங்கியது. அழுது ஓய்ந்த பிறகு வருமே ஒரு வெறுமை, அது வந்தது. அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். வாரம் கழித்து மறுபடியும் வந்து அதே பாதத்தைப் பார்த்தாள். மூன்றாவது தடவை உட்கார்ந்தபோது, அவள் கூப்பிடாமலே கல்லறை வந்தது. துணி கிழிகிற சத்தம், பினாயில் நெடி, குனிகிறாள். கண்ணை மூடுவதற்கு முன்னால் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி அந்தக் காலைப் பார்த்திருக்கிறாள். அப்போது மனசில் ஏறாதது இப்போது மெதுவாக ஏறியது.

சுண்டுவிரல் நேராக இருந்தது.

சாலமோனின் இடது கால் சுண்டுவிரல் நேராக இருக்காது. கல்யாணத்துக்கு முன்பே ஒரு கம்பி விழுந்து நசுங்கி, எலும்பு கோணலாகக் கூடி, பக்கத்து விரல் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். மழைக்காலத்தில் வலிக்கும். பூட்ஸைக் கழற்றினதும் அவள் மடியில் காலைப் போட்டுவிடுவான். அவள் எண்ணெய் தொட்டு நீவிவிடுவாள். "பர்மனன்ட் ஆவறதுக்குக் கம்பெனிக்குக் குடுத்த அட்வான்ஸு இது" என்று சிரிப்பான். கடைசி வரை பர்மனன்டும் ஆகவில்லை. அந்த விரலை அவள் கை கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடிக்கும். முத்தம் கொடுத்த காலில் அந்த விரல் இல்லை. வரிசையாக, நேராக, சின்னப் பையனின் விரல்கள். நகத்தோரத்தில் ஏதோ செவப்பு. அன்றைக்கு அதை ரத்தம் என்று நினைத்திருந்தாள்.

கழுத்தில் கிடந்த டாலரை இறுகப் பிடித்துக்கொண்டு விளக்கு அணைகிற வரைக்கும் எழுந்திருக்காமல் இருந்தாள்.

அந்த வாரம் முழுக்கத் தன்னோடு மல்லுக்கட்டினாள். நெருப்பில் வெந்த கால் வீங்கியிருக்கும், வீங்கினால் விரல் நிமிர்ந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தாள். மனசு காட்டுகிற மாயம் என்று சொல்லிப் பார்த்தாள். மறுபடியும் படத்தின் முன்னால் போய் உட்கார்ந்து, கோணல் விரல்தான் இருந்தது என்று பார்த்துவிட வேண்டும் என்றே பார்த்தாள். வரவில்லை. நேரான விரல்தான் வந்தது. அதற்கு மேல் பொறுக்கமாட்டாமல் அன்புவைத் தேடிப் போனாள்.

அன்பு அதே மில்லில் சாலமோனோடு வேலை செய்தவன். வெடித்த அன்றைக்குக் கையில் சுட்டு, அதிலிருந்து கேட்டில் வாட்ச்மேன் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து அவள் நேராகக் கேட்டாள்.

"அண்ணே, அன்னிக்கு அவரு கழுத்துல டாலரு இருந்திச்சா?"

அன்பு டீ கிளாஸைக் கீழே வைத்தான். "இன்னாத்துக்கும்மா இப்ப அதெல்லாம்?"

"இருந்திச்சா, இல்லியா?"

"காலைல வரும்போது இருந்திச்சி. அப்பறம் கயிட்டிட்டான். கூட ஒரு பீகார் பையன் இருந்தான் பாரு, பிர்ஜுன்னு, செத்துட்டானே, அவனுக்குப் போட்டுட்டான். அந்தப் பையனுக்கு ஃபர்னஸுனா பயம். தெனமும் அயுவான். அன்னிக்கு மய வேற, கிட்ட போவவே மாட்டேன்னுட்டான். சாலமோன்தான் டாலர அவன் கயுத்துல மாட்டி, மாதா பாத்துக்கும், வாடான்னு இஸ்துகினு போனான்." அன்பு கொஞ்சம் சிரிக்கப் பார்த்தான். "புதுசா கல்யாணம் ஆன பையம்மா. காலுக்கெல்லாம் செவப்புச் சாயம் பூசிகினு வந்து எறங்குனான். அவங்க ஊர்ல மாப்ளைக்கு அப்டிதான் பூசுவாங்களாம். ஷெட்ல அத்தினி பேரும் கலாய்ச்சோம். வாரக் கணக்கா போவல அந்தச் சாயம், நகத்தோரத்துல அப்டியே…"

சத்யாவின் முகத்தையும் அவள் கழுத்தில் கிடந்த டாலரையும் பார்த்ததும் அவன் நிறுத்திவிட்டான். விஷயம் அவனுக்கும் புரிந்தது. பிணவறைக்கு அவன் போகவில்லை. கையில் கட்டோடு வார்டில் கிடந்தான். எதை வைத்து அடையாளம் சொன்னார்கள் என்று அவனுக்கு அன்று வரை தெரியாது.

"அந்தப் பையன இன்னா பண்ணாங்கண்ணே?"

"அவங்க சொந்தக்காரன் ஒருத்தன் இங்கயே எரிச்சிட்டு, சாம்பல ஊருக்கு எத்துகினு பூட்டான்" என்றான் அன்பு, தரையைப் பார்த்துக்கொண்டு.

ஆக அவள் புல் பிடுங்கி, செண்டுமல்லி நட்டு, ஞாயிறு தவறாமல் பேசிக்கொண்டிருந்தது யாரோ ஒரு பெண்ணின் புருஷனிடம். அவள் புருஷனை யாரோ எரித்து, எங்கோ ஒரு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவனுக்காகக் கர்த்தர் கற்பித்த செபம் ஒன்றுகூட யாரும் சொல்லவில்லை. டீக்குக் காசைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து, நேராக விஜயகுமார் வீட்டுக்கு நடந்தாள்.

விஜயகுமாரிடம் சொன்னபோது அவன் முதலில் குதித்தான். "இன்னா அண்ணி பேசற? ஊருக்கெல்லாம் சொல்லப் போறியா? அண்ணன எவனோ எரிச்சிட்டான், நாங்க வேற எவனையோ பொதச்சி பூசை வச்சோம்னு? போலீஸு வரும், தோண்டுவான், கோயிலுக்கே பேஜாரு." அவள் அவனையே பார்த்தாள். அந்தப் பார்வை பழக்கம் அவளுக்கு இப்போது வந்திருந்தது. அவன் கத்தக் கத்தக் குரல் இறங்கியது. கடைசியில் சுவரோரமாகக் குந்திக்கொண்டான்.

"நான் பாக்கல அண்ணி" என்றான். "ரெண்டு பேரு கெடந்தாங்க. மூஞ்சி இருந்தாதானே பாக்கறதுக்கு? கண்ணத் தொறக்கவே முடில. டாலர்தான் தெரிஞ்சிச்சி. மாதா இருக்கறது அண்ணன்தான்னு கைய காட்டிட்டேன்."

அவனைத் திட்டத்தான் போனாள். திட்ட வரவில்லை. அவளும்தானே கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் ஃபாதரிடம் போனாள். ஃபாதர் ஜெரால்ட் முழுக்கக் கேட்டார். பலகைப்படம் மேசை மேல் துணி சுற்றிக் கிடந்தது; அதை ஏன் கொண்டுவந்தோம் என்றிருக்கும் அவருக்கு.

"சத்யா, அவங்க ஊர்ல காரியம் எல்லாம் முடிச்சிருப்பாங்க. அந்தப் பொண்ணு இப்பதான் கொஞ்சம் தேறியிருப்பா. இதை இப்ப சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது? யார் எங்க இருக்காங்கன்னு ஆண்டவருக்குத் தெரியும். அது போதாதா?"

"ஆண்டவருக்குத் தெரியும் ஃபாதர். அந்தப் பொண்ணுக்குத் தெரியாதில்ல?"

"உன் கல்லறையும் உனக்கு இல்லாமப் போயிடும்மா."

"இப்பவே இல்லியே ஃபாதர்" என்றாள் சத்யா. அவளுக்குக் கோபம் வந்தது. ஃபாதரிடம் குரலை உயர்த்திப் பேசினது அதுதான் முதல் தடவை. "நீங்கதான சொன்னீங்க, கேக்காத, பாருன்னு. பாத்துட்டேன். பாத்தத வச்சிகினு இன்னா பண்ணணும்னு சொல்லவேயில்லியே நீங்க. தெரிஞ்சி போச்சி. தெரியாத மாரி அங்க போய் பூ வெக்க என்னால முடியாது."

ஃபாதர் படத்தைச் சுற்றின துணியை இழுத்துச் சரிசெய்தார். படித்த புத்தகத்தில் இதற்கு விடை இருந்திருக்காது. "அந்தப் பொண்ணுகிட்ட எப்ப பேசப் போற?" என்று மட்டும் கேட்டார்.

குருத்து ஞாயிறு அன்றைக்கு அன்புவுக்கு லீவு. மில்லில் கற்ற இந்தி அவனுக்கு ஓரளவு வரும். பிர்ஜுவின் சொந்தக்காரனைப் பிடித்து, நம்பர் வாங்கி வைத்திருந்தான். பூசை முடிந்து இருவரும் கல்லறைக்குப் போனார்கள். ஒரு கம்பெனி காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நாலு வரிசைச் சிலுவை, அவ்வளவுதான் அந்தக் கல்லறை. சத்யாவின் கையில் மந்திரித்த குருத்தோலை இருந்தது. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. கேட்டுக்கு வெளியே ஃபாதர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. உள்ளே வரவில்லை.

செல்லில் வீடியோ வந்தபோது முதலில் ஒரு முற்றமும் ஒரு கட்டிலும் ஆட்டுக்குட்டியும் தெரிந்தன. வயசான பொம்பளை ஒருத்தி வந்தாள், ஆம்பளைகள் எட்டிப் பார்த்தார்கள். அன்பு தட்டித் தடவிச் சொல்லத் தொடங்கினான். பாதியிலேயே அந்தப் பக்கம் கூச்சல் எழுந்தது. கிழவி மார்பில் அடித்துக்கொண்டாள். யாரோ அன்புவை வைதார்கள் என்று மொழி தெரியாத சத்யாவுக்கும் விளங்கியது. படம் தலைகீழாகப் புரண்டது. கட்டாகிவிட்டது என்று நினைத்தார்கள். இல்லை, யாரோ செல்லைப் பிடுங்கிக்கொண்டு நடந்தார்கள். ஒரு சுவர் ஓரமாக வந்து நின்றது ஒரு முக்காடு. புடவைத் தலைப்பு தாடை வரைக்கும் இழுத்துவிட்டிருந்தது. முகமே தெரியவில்லை. முக்காட்டுக்குள்ளிருந்து சின்னக் குரல் ஏதோ சொன்னது.

"பிர்ஜு பொண்டாட்டி. கல்லறைய காட்டச் சொல்லுது" என்றான் அன்பு.

சத்யா செல்லை வாங்கித் திருப்பிப் பிடித்தாள். மண்மேடு. செண்டுமல்லி. உருகி ஒட்டின மெழுகு. சிலுவையில் எழுதின சாலமோன் என்கிற பெயரை மறைக்கலாமா என்று தோன்றியது, மறைக்கவில்லை. ஓரக்கண்ணால் ஸ்கிரீனைப் பார்த்தாள். அந்தப் பெண் இரண்டு கையாலும் முக்காட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். முழங்கை வரைக்கும் வளையல் போட்டிருந்திருக்க வேண்டிய கை, வெறுங்கை. பள்ளிக்கூடம் போகிற வயசு முகம். அழவில்லை. கண்ணை அகல விரித்து மண்ணைப் பார்த்தது. மேலே, கீழே, செடியை, மறுபடியும் மண்ணை. சத்யாவின் தோள்பட்டை கடுத்தது. கையை இறக்கவில்லை. இறக்கினால் அந்தப் பெண்ணின் கண்ணைக் கட்டின பாவம் வரும் என்றிருந்தது.

வெகுநேரம் கழித்து அது ஒன்று கேட்டது.

"காலு எப்டி இருந்திச்சின்னு கேக்குதும்மா. மூஞ்சி இல்லாட்டியும் காலயாவது பாத்தீங்களான்னு."

"நல்லா இருந்திச்சின்னு சொல்லுண்ணே. ஒரு காயம் இல்ல. வெரலெல்லாம் நேரா இருந்திச்சி. நகத்தோரத்துல செவப்பு இருந்திச்சின்னு சொல்லு." அவள் மண்மேட்டுக்கு இன்னும் கிட்டே போனாள். "நான் முத்தங் குடுத்தேன்னு சொல்லுண்ணே. எம் புருஷன்னு நெனச்சிதான் குடுத்தேன். ஆனா குடுத்தேன். சொம்மா அனுப்பலன்னு சொல்லு."

அன்பு சொன்னான். செவப்பு என்கிற இடத்தில் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டது. அந்தச் சாயம் அவள் கல்யாணத்துச் சாயம். அப்போதுதான் அழுதது, சத்தமே வராமல், உடம்பு மொத்தமும் ஆட. சத்யா செல்லைத் திருப்பித் தன் முகத்தைக் காட்டினாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அழுதார்கள். பேச இரண்டு பேருக்கும் மொழி இல்லை.

பிறகு அந்தப் பெண் எழுந்து நடக்க ஆரம்பித்தது. பின்னால் யாரோ கத்திக் கூப்பிட்டார்கள், நிற்கவில்லை. செல் ஆடியது. கோதுமை வயல், ஒரு ஒற்றையடிப் பாதை, மூங்கில் புதர். பிறகு மணல். மணலுக்கு அப்பால் ஒரு ஆறு, தண்ணீர் குறைவாக, மண்ணின் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எருமைகள் படுத்திருந்தன. அந்தப் பெண் கணுக்கால் ஆழத்துக்கு இறங்கி, செல்லைத் தண்ணீருக்கு நேராகப் பிடித்தது. ஏதோ சொன்னது.

"இங்கதான் கரைச்சாங்களாம்" என்றான் அன்பு மெதுவாக.

சத்யா செல்லைப் பிடித்தபடியே கல்லறையோரம் தரையில் உட்கார்ந்தாள். தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதில் முகம் இல்லை, கோணல் விரல் இல்லை, ஒன்றும் இல்லை. பேர் தெரியாத ஊரில் ஒரு ஆறு, அதில் கரைந்துபோன ஒரு மனுஷன். வெயில் பட்டு ஒரு இடத்தில் மட்டும் பளபளத்தது. அந்த இடத்திலேயே அவள் கண் நின்றது. கேட்பதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சம் இல்லை.

டவர் கிடைக்காமல் படம் நின்றுபோனது. ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் ஓடினபடியே உறைந்து, பளபளப்போடு அப்படியே ஸ்கிரீனில் நின்றது.

"கட்டாயிடிச்சி தங்கச்சி" என்று அன்பு கையை நீட்டினான்.

"இருக்கட்டும்ணா" என்றாள் சத்யா, கண்ணை எடுக்காமல். "கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்."